மாடியில் இருந்தவளுக்கு ஒரு வரி

அந்த நாவலின் அட்டையில் ஒரு மலைப் பங்களா இருந்தது. மேல்மாடி ஜன்னல் ஒன்றில் மட்டும் மஞ்சள் மையால் விளக்கு வெளிச்சம் அடித்திருந்தார்கள். அச்சுக்காரர் கை தவறியதில் அந்த மஞ்சள் ஜன்னலை விட்டு விலகிப் பக்கத்துச் சுவரில் விழுந்திருந்தது. என் கணவர் சேலத்துக்குக் கடலைக்காய் ஏற்றிப் போன ஒரு நாள், செவ்வாய்ப்பேட்டையில் பழைய புத்தகம் விற்பவரிடம் அதை வாங்கி வந்தார். மேட்டூரில் அணை கட்டி முடித்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம். எட்டாவது வரை படித்த பெண் என்று பெருமையாகச் சொல்லி என்னைக் கட்டிக்கொண்டு வந்த வீட்டில் என் படிப்புக்கு ஒரு வேலையும் இல்லை. கடுதாசி வந்தால் படிக்க வேண்டும், வராத நாளில் மாட்டுக்குச் சோளத்தட்டு அறுக்க வேண்டும். கடுதாசி வருஷத்துக்கு இரண்டு வரும்.

இங்கிலீஷில் பேர்போன பயங்கர நாவலைத் தமிழர்களுக்காகத் தழுவி எழுதியது என்று முதல் பக்கத்தில் போட்டிருந்தது. தழுவியவர் சும்மா சொல்லக்கூடாது, இறுக்கமாகவே தழுவியிருந்தார். துரைமார்கள் எல்லாரும் ஜமீன்தார்களாகிவிட்டார்கள். குழந்தைக்குப் பாடம் சொல்ல வரும் வெள்ளைக்காரப் பெண், பாட்டு வாத்தியாரம்மாவாக வீணையோடு வந்து இறங்கினாள். பனி கொட்ட வேண்டிய இடத்தில் ஐப்பசி மழை கொட்டியது. பங்களாவைத் தூக்கிக்கொண்டு வந்து ஏற்காட்டில் வைத்திருந்தார். கதை இதுதான். ஜமீன்தாரின் தமக்கை சிறுவயதிலேயே செத்துவிட்டாள் என்று ஊர் நம்புகிறது. உண்மையில் அவள் சாகவில்லை. சித்தம் கலங்கியவள் என்று மேல்மாடியில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். தலைக்கு மேலே கேட்கும் காலடிச் சத்தம் யாருடையது என்று பாட்டு வாத்தியாரம்மா நானூறு பக்கம் தேடுகிறாள்.

வைகாசியில் விதைக்கடலை உரிக்க உட்காரும்போது நான் அதை உரக்கப் படித்தேன். மாமியார், அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர், என் மூத்த ஓரகத்தி எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். காலடிச் சத்தம் வரும் இடங்களில் எல்லாருடைய விரலும் நின்றுவிடும். "கையி நின்னா கதையும் நிக்கோணும்" என்று மாமியார் அதட்டுவார். ஆனால் முதலில் நிற்பது அவருடைய விரல்தான். இவர்கள் ஒருவரும் அதைக் கதை என்று எடுத்துக்கொள்ளவில்லை என்பது எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் விளங்கிற்று. தாரமங்கலம் சந்தையில் அச்சடித்து விற்றவை எல்லாம் சிந்துப் புத்தகங்கள். இன்ன ஊரில் இன்னாரை வெட்டினார்கள், இன்ன பாலம் வெள்ளத்தில் போயிற்று என்று நடந்ததைப் பாடி விற்பார்கள். அச்சில் வந்தால் நடந்தது என்றுதான் கணக்கு. அதிலும் ஏற்காட்டு மலை எங்கள் கடலைக்காட்டில் நின்றாலே தெரியும். களை எடுக்கும்போது நிமிர்ந்து பார்த்து, "பாவி, அவ இன்னும் அங்கதான் இருக்கறாளோ என்னமோ" என்பார்கள். நான் ஒரு தடவை இது கற்பனை என்று சொல்லிப் பார்த்தேன். படித்த திமிரில் பேசுகிறேன் என்று ஆகிவிட்டது.

இப்போது என் ஓரகத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆள் உயரம் இல்லை. தோள் மட்டும் ஆண்பிள்ளைத் தோள். அவருடைய தகப்பனாருக்கு இரண்டும் பெண். பெரியவளான இவர்தான் ஏர் ஓட்டினார், கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்தார், வண்டி பூட்டினார். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் கதை கேட்கும்போது அவரை ஏமாற்ற முடியாது. அலுப்பில் நான் ஒரு பத்தியைத் தாண்டிவிட்டால், "நேத்து அவ மாடிப்படியிலதான நின்னுக்கிட்டிருந்தா? எப்ப எறங்குனா?" என்று பிடித்துவிடுவார். மற்றவர்கள் பாட்டு வாத்தியாரம்மாவுக்காகப் பயந்தார்கள், அவளுக்கும் ஜமீன்தாருக்கும் கல்யாணம் ஆகுமா என்று ஏங்கினார்கள். அக்கா அந்த வாத்தியாரம்மாவை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. "இவ கெடக்கறா, மாடியில இருக்கறவ என்ன பண்றா, அதப் படி" என்பார். சந்தைக்குப் பலாப்பழம் கொண்டுவந்த மலைக்காரர் ஒருவரை நிறுத்தி, மேல்மாடியில் விளக்கெரியும் பங்களா எது என்றுகூட விசாரித்தார். அப்படி ஒன்று இல்லை என்று அவர் சொன்னதும், "நல்லாத்தான் மறைச்சிருக்கறாங்க" என்று என்னிடம் வந்து சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது, அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அக்காவின் தங்கையை மேச்சேரிப் பக்கத்து ஊர் ஒன்றில் கொடுத்திருந்தார்கள். என் பிறந்த ஊரும் அதுதான். பங்குனியில் நான் தாய்வீடு போயிருந்தபோது, அம்மா என்னை மாட்டுக் கொட்டகைக்கு அழைத்துப் போய் மெதுவாகச் சொன்னார். அந்தப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்தே இறந்துவிட்டது. அதிலிருந்து அவள் ஓயாமல் அழுதிருக்கிறாள். பிறகு அழுகை நின்று, தனக்குள் பேச ஆரம்பித்திருக்கிறாள். அந்த வீட்டில் இளைய மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயம். வீட்டில் சித்தம் கலங்கியவள் இருப்பது வெளியே தெரிந்தால் யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள் என்று, ஆட்டுப்பட்டியை ஒட்டிய பருத்தி அறையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். ஒன்றரை வருஷமாயிற்று. அக்கம்பக்கத்தில் தெரியும், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. "நீயும் தொறந்துறாத சாமி, உங்கப்பன் பாட்டப் பாரு" என்றார் அம்மா. எங்கள் மிளகாய்க்காடு பாய்ந்தது அந்த வீட்டோடு பங்குள்ள கிணற்றுத் தண்ணீரில். முறை வைத்து இறைப்பார்கள். அவர்கள் முறையை மறித்தால் எங்கள் அப்பாவுக்கு அந்த வருஷம் ஒன்றும் கிடையாது.

நான் வாயைத் திறக்கவில்லை. அக்காவோடு ஒரே உலையில் சோறு பொங்கினேன், ஒரே சட்டியில் குழம்பு ஊற்றிக்கொண்டேன், பூட்டிய அறையில் கிடக்கும் ஒருத்தியின் கதையை மத்தியானந்தோறும் அவருக்கே படித்தும் காட்டினேன். வேண்டுமென்றுதான் படித்தேன், குறிப்பால் உணர்த்தத்தான் படித்தேன் என்று இப்போது சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. அதெல்லாம் இல்லை. வீட்டில் இருந்தது அந்த ஒரே புத்தகம். நான் கோழையாக இருந்தேன் என்பதுதான் உண்மை.

ஆனி மாதம் நாவல் முடிந்தது. புயலடிக்கிறது, இடி விழுந்து மேல்மாடி சரிகிறது, உள்ளே பூட்டியிருந்தவள் செத்துப்போகிறாள். ஜமீன்தார் கண்ணீர் விடுகிறார். அவர் மனப்பாரம் நீங்கியது என்று எழுதியிருந்தது. அடுத்த அத்தியாயத்தில் அவருக்கும் பாட்டு வாத்தியாரம்மாவுக்கும் கல்யாணம். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நல்லபடியாக முடிந்தது என்று எழுந்தார்கள். அக்கா எழவில்லை. "மறுக்காப் படி" என்றார். படித்தேன். "அவ செத்தது எல்லாத்துக்கும் சௌரியமாப் போச்சு, இல்ல?" என்றார். பிறகு அவர் கேட்டதை நான் இந்த வயதிலும் மறக்கவில்லை. "இத்தன நாளு படிச்சியே, அந்தப் பொம்பள ஒரு வார்த்த பேசுனாளா? அவளுக்குனு ஒரு வரி இருக்குதா, பாத்துச் சொல்லு."

அன்று முழுக்கப் புரட்டினேன். அலறினாள் என்று இருந்தது. சிரித்தாள், சங்கிலி குலுங்கியது, கதவைப் பிராண்டினாள் என்றெல்லாம் இருந்தது. பேசினாள் என்று ஓரிடத்திலும் இல்லை. இல்லை என்று போய்ச் சொன்னேன். அக்கா உரித்த தொலியை முறத்தில் அள்ளிக்கொண்டு, "என்ற தங்கச்சி பேசி நாங் கேட்டும் ரண்டு வருசமாச்சு" என்றார்.

போன வருஷம் ஆடி நோம்பிப் பண்டிகைக்குத் தங்கைக்குச் சீர்க்கூடை கொண்டுபோனது பங்காளி வீட்டுப் பையன் ஒருவன். உடன்பிறந்தவன் இல்லாத பெண்ணுக்குப் பங்காளிதான் பிறந்தவன் முறை செய்வான். எங்கள் பக்கத்தில் சீர்க்கூடைக்கு ஒரு கட்டு உண்டு. தலையில் வந்த கூடையை, வாசலில் அந்த வீட்டுக்கு வாழப் போன பெண்தான் தன் கையால் இறக்க வேண்டும். வேறு யாரும் தொடக் கூடாது. இறக்காமல் கூடை திரும்பினால் அந்த வீடு விளங்காது என்பார்கள். அந்தப் பையனிடம், "அவ ஊட்டுக்குத் தூரமா இருக்கறா, பந்தல்ல வெச்சிட்டுப் போ" என்று சொல்லியிருக்கிறார்கள். அவனும் வைத்துவிட்டுப் பலகாரம் தின்று வந்துவிட்டான். அக்கா இதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது எடுத்துக்கொண்டார்.

"இந்த ஆடிக்குக் கூட நாஞ் சொமக்கறேன்" என்று ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னார். வீடே சிரித்தது. பெண்பிள்ளை சீர் சுமந்து போவது எங்குமில்லாத கூத்து என்றார் மாமியார். ஊர் காறித் துப்பும் என்றார் அக்காவின் கணவர். அக்கா யாரோடும் தர்க்கம் செய்யவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. மறுநாள் அரிசி புடைத்தார். அதற்கு மறுநாள் கூடைக்குச் சாணி மெழுகிக் காயவைத்தார். நோம்பிக்கு முதல் நாள் வண்டிக்கு மசகு போட்டுவிட்டு என்னிடம் வந்தார். "நீயும் வாரியா? பேச்சுத் தொணைக்கு." தங்கை கல்யாணத்துக்குப் போய்வந்த வழி அவருக்குத் தெரியும், வண்டியும் அவரே ஓட்டுவார். என்னை எதற்கு அழைக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. அப்பாவின் மிளகாய்க்காடு கண்ணுக்குள் வந்தது. இருந்தும் என் வாய், வருகிறேன் என்றது.

விடிகிற நேரத்துக்கு வண்டி பூட்டினோம். அக்கா வண்டியின் முன்பக்க மூக்கணையில் உட்கார்ந்து ஓட்ட, நான் கூடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் இருந்தேன். பேச்சுத் துணைக்கு என்று அழைத்தவர் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு ஊராகத் தள்ளிப்போட்டேன். உச்சிப்பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்தோம். ஊர் முகப்பிலேயே வண்டியை நிறுத்தி, கூடையைத் தலையில் ஏற்றச் சொன்னார். ஒரு மரக்கால் அரிசி, வெல்லம், இரண்டு தேங்காய், ஒரு சீப்புப் பழம், புடவை. அதைச் சுமந்துகொண்டு தெரு நடுவே நடந்தார். ஆடி நோம்பியன்று எல்லாரும் வாசலில்தான் இருப்பார்கள். பெண் சீர் சுமந்து வருகிறாள் என்று கூட்டம் கூடவே வந்தது.

தங்கையின் மாமியார் வெளியே வந்து எங்களைப் பார்த்ததும் முகம் வெளுத்தார். சட்டென்று சிரித்தும்கொண்டார். "வாங்க வாங்க. ஏனுங்க, ஆம்பள ஆரும் வல்லீங்களா?"

"இவளுக்குப் பொறந்தவன் நாந்தானுங்க. வரச் சொல்லுங்க, கூடய எறக்கட்டும்."

"அவ ஊட்டுக்குத் தூரமுங்க. இப்பிடிப் பந்தல்ல வெச்சிட்டுக் கால் கழுவுங்க."

"அப்ப நாலு நாளு நின்னுக்கறனுங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. காலை அகட்டி வைத்து, ஒரு கையால் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆடிக் காற்று புழுதியை வாரி அடித்தது, வெயில் நெற்றியில் இறங்கியது. அந்த அம்மாள் கெஞ்சினார், அதட்டினார், கடைசியில் தானே கூடையை இறக்கக் கை நீட்டினார். அக்கா ஓரடி பின்னால் வைத்தார். "நீங்க தொட்டா ஊடு வெளங்காதுங்க. எனக்காகச் சொல்லல, உங்க ஊட்டுக்காகத்தான் சொல்றேன்." ஊர்ப் பெரியவர் ஒருவர், தீட்டாக இருந்தால் என்ன, அந்தப் பெண் தள்ளி நின்று முகத்தைக் காட்டிவிட்டுப் போகட்டுமே என்றார். அந்த அம்மாள் தடுமாறி, "இல்லீங்க, அவ கோயல்ல வெரதம் இருக்கறா" என்றார். இரண்டு பொய்யும் வாசலில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. கூட்டத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. தங்கையின் புருஷன் களத்து மேட்டில் நின்றுகொண்டு, இங்கே நடப்பது யார் வீட்டு விவகாரமோ என்பது மாதிரி ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நாழிகை போய்க்கொண்டே இருந்தது. அக்காவின் கழுத்து நரம்பு புடைத்து, கூடை லேசாக ஆட ஆரம்பித்தது. பிடித்துக்கொள்ளப் போனேன், கண்ணாலேயே வேண்டாம் என்றார். அவருக்குத் தங்கை எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. தெரியாமலே நிற்கிறார், விழுகிற வரைக்கும் நிற்பார். தெரிந்தவர்கள் அந்தத் தெருவில் முப்பது பேர் இருந்தோம். கூட்டத்தின் ஓரத்தில் எங்கள் அப்பா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆட்டுப்பட்டிய ஒட்டிப் பருத்தி அறை இருக்குது பாருங்க, அதுலதான் இருக்கறா. ஒன்றர வருசத்துக்கு மேலயே பூட்டி வெச்சிருக்கறாங்க" என்றேன். உரக்கத்தான் சொன்னேன். நாவல் படித்துப் படித்துக் குரல் பழகியிருந்தது.

அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் மறைக்க முடியவில்லை. ஊர்ப் பெரியவரே ஆட்டுப்பட்டிப் பக்கம் போய், சாவியை வாங்கித் திறந்தார். தங்கையை இரண்டு பெண்கள் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். முடியைக் கத்தரித்திருந்தார்கள். வெளிச்சத்துக்குக் கண் கூசி, புருவத்துக்கு மேல் கையை வைத்துக்கொண்டு வந்தாள். அக்காவுக்கு எதிரில் வந்து நின்று, அவர் முகத்தைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் நினைவிருக்காது என்று பக்கத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். அவள் இரண்டு கையையும் தூக்கிக் கூடையைப் பிடித்தாள். அவளால் தாங்க முடியாது என்று அக்கா முழங்காலை மடித்து உட்கார்ந்து கொடுத்தார். கூடை தரைக்கு வந்தது.

"எத்தன நேரமாக்கா நிக்கற? கழுத்து நோவுலயா?" என்றாள் தங்கை.

அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அக்கா, அந்த வாசல் மண்ணிலேயே அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். நானும் அழுதேன். பயத்தில் அழுதேனா, வெட்கத்தில் அழுதேனா என்று எனக்குத் தெரியாது. மாலைக்குள் மூன்று பேருமாக வண்டி ஏறிவிட்டோம்.

தங்கை எங்கள் வீட்டில்தான் இருந்தாள். முதல் வாரம் மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், இரண்டாவது வாரம் அவரே அவளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார். பூரண குணம் என்று சொல்ல முடியாது. சில நாள் காலையிலிருந்து அழுவாள், சில நாள் எங்களையெல்லாம் விடக் கூர்மையாகப் பேசுவாள். அவள் படுக்கும் அறையின் கதவை அக்கா கழற்றி, வண்டிக்குப் பலகையாகப் போட்டுவிட்டார். அவள் புருஷன் இரண்டு தடவை வந்தான். அவளே முன்னால் போய் நின்று, வரவில்லை என்று சொல்லி அனுப்பினாள். எங்கள் அப்பாவுக்குக் கிணற்று முறையை மறித்தார்கள். அந்த வருஷம் மிளகாய் பூவோடு காய்ந்தது. நான் காலில் விழுந்தபோது அப்பா, "மொளகா அடுத்த வருசமும் மொளைக்கும் சாமி" என்று மட்டும் சொன்னார். ஆனால் அடுத்த வருஷமும் முறை கிடைக்கவில்லை. அவர் அந்தக் காட்டை விற்றுவிட்டார்.

அந்தக் காட்டைவிட என்னை அதிகம் அரித்தது வேறு ஒன்று. வாசலில் உண்மையைச் சொன்னவள் என்று அக்கா என்னை எல்லாரிடமும் கொண்டாடுவார். பங்குனியிலேயே எனக்குத் தெரியும் என்பதை நான் சொல்லவே இல்லை. அன்றுதான் ஊரில் யாரோ என் காதில் போட்டார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன், அந்த எண்ணத்தை வசதியாக வைத்தும் கொண்டேன். நாடு சுதந்திரம் பெற்ற வருஷம், ஒரு மத்தியானம், நாங்கள் இரண்டு பேர் மட்டும் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தோம். இனி தாங்காது என்று ஆகிவிட்டது. நடந்ததைச் சொன்னேன். மாட்டுக் கொட்டகையில் அம்மா சொன்னது, கிணற்றுத் தண்ணீர், பங்குனியிலிருந்து ஆடிவரை நான் வாயை மூடிக்கொண்டிருந்தது எல்லாவற்றையும் சொன்னேன். அந்த நாலு மாசமும் அவள் பூட்டிய அறையில் கிடந்ததற்கு நான்தான் காரணம் என்று சொல்லி அழுதேன்.

அக்கா பருத்தி எடுப்பதை நிறுத்தவில்லை.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றார். "மாடியில இருக்கறவ வர எடத்தப் படிக்கறப்பெல்லாம் உன்ற கொரலு நடுங்கும். மத்த எடத்துல நடுங்காது. இவளுக்கு என்னமோ தெரியும், என்ற தங்கச்சியப் பத்தித்தான் தெரியும்னு புடிச்சுக்கிட்டேன்."

"அப்பறம் ஏக்கா எங்கிட்டக் கேக்கல?"

"கேட்டிருந்தா இல்லீனு சொல்லியிருப்ப. ஒருக்கா இல்லீனு சொல்லிட்டா அப்பறம் ஆமான்னு சொல்ல வாயி வராது. அதான் கேக்காம, வண்டியில ஏத்திக் கூட்டிக்கிட்டுப் போனேன்."